கேபினெட்டை அறுக்கிறதுக்கு முன்னாடி சீமோர் கிரேயைத் தெரிஞ்சுக்கோங்க

உங்க ஹாஸ்டலிலும் ஒருத்தன் இருப்பான். செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய ஃபுல் டவர் கேபினெட் வாங்கி வந்து, ஹார்டு டிஸ்க் கூண்டின் ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுத்து, மேல் தகட்டில் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உட்கார மார்க்கரால் கோடு போட்டு வெச்சிருப்பான். பம்ப் எங்கே, டேங்க் எங்கே, டியூப் எந்தப் பக்கம் வளையணும்னு ராத்திரி ஒரு மணிக்கு வாக்குவாதம் நடக்கும். அப்புறம் தகடு அறுக்க நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுற பட்டறைக்குப் போவான். பிசிறு இல்லாமல் வெட்டித் தர்ற கை நம்ம ஏரியாவில் அங்கேதான் இருக்கு.

நீங்க அந்த ஆளா இருந்தாலும் சரி, அவனைக் கலாய்க்கிற ரூம்மேட்டா இருந்தாலும் சரி, இதே வேலையை உலகத்திலேயே பெரிய அளவில் செஞ்ச ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். பேரு சீமோர் கிரே. சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தைன்னு ஜிகே புத்தகத்தில் ஒரு வரி வரும், அதோட விட்டுடுவாங்க. அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினது சூட்டோடு என்பது அந்த வரியில் இருக்காது. நாம கடைசியில் போய்ப் பார்க்கிற கேபினெட்டில் இருந்துதான் அவர் டிசைனை ஆரம்பிச்சார்.

1925 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர். பையன் பத்து வயசு வாக்கிலேயே, திருகாணியும் தகடும் வர்ற விளையாட்டு செட்டை வெச்சு, ஓட்டை போட்ட பேப்பர் டேப்பை மோர்ஸ் கோடு சிக்னலா மாத்துற கருவி செஞ்சான். வீட்டின் அடித்தளத்தை அவனுக்கு லேபா விட்டுக் கொடுத்தாங்க. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் ரேடியோ ஆபரேட்டர். போர் முடிஞ்சு வந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், அடுத்து கணிதத்தில் மாஸ்டர்ஸ். படிப்பு முடிச்ச கையோட கம்ப்யூட்டர் வேலை. 1957இல் தொடங்கின கண்ட்ரோல் டேட்டா கம்பெனிக்கு அவர் கொஞ்ச நாளிலேயே வந்து சேர்ந்துட்டார்.

அங்கே அவர் பேர் ஏறினதும் மீட்டிங், விசிட்டர், போன்னு நாள் கரைய ஆரம்பிச்சது. அவர் அதுக்குக் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1962இல் தன் லேபையே தலைமை ஆபிஸில் இருந்து தூக்கி, சொந்த ஊரான சிப்பேவா ஃபால்ஸுக்கு, வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துக்கு மாத்திக்கிட்டார். நம்ம பசங்க பிளேஸ்மெண்ட் வந்ததும் பெங்களூருக்குப் பெட்டி கட்டுறாங்க, இவர் எதிர்த்திசையில் போனவர்.

அந்த லேபில் இருந்து 1964இல் வந்தது சிடிசி 6600. சூப்பர் கம்ப்யூட்டர்னு முதலில் பேர் வாங்கினது அதுதான்னு பொதுவா சொல்றாங்க. 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், உள்ளே சுமார் 4 லட்சம் டிரான்சிஸ்டர். அது அறிவிக்கப்பட்டப்போ ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தன் ஆட்களுக்குக் கோபமா ஒரு கடிதம் எழுதினார். கூட்டிப் பெருக்குறவரையும் சேர்த்து 34 பேர் இருக்கிற ஒரு லேப், நம்மளை எப்படி முந்தினதுன்னு கேட்டார்.

முந்தினது எப்படின்னு புரியணும்னா ஒரு சின்னக் கணக்கு. மின் சிக்னல் கம்பியில் ஒரு நானோசெகண்டுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான் போகும். கம்ப்யூட்டர் வேகமா ஓடணும்னா கம்பி குட்டையா இருக்கணும். கம்பி குட்டையா இருக்கணும்னா எல்லா பாகமும் நெருங்கி உட்காரணும். நெருங்கி உட்கார்ந்தா சூடு வெளியே போக வழி இல்லை. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வெச்சிருக்கிற வீட்டுப் பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷெட்டில் நெருக்கமா அடைச்ச கோழிக்குக் கோடையில் என்ன ஆகும், கூரை மேல் எதுக்குத் தண்ணி தெளிக்கிறோம், உள்ளே எதுக்கு ஃபாகர் போடுறோம்னு அவங்களுக்குத் தெரியும். கிரேக்கும் அதே பிரச்சினை, கோழிக்குப் பதிலா டிரான்சிஸ்டர்.

ஃபேன் போட்டுப் பத்தாதுன்னு தெரிஞ்சதும் அவர் கூட்டணி சேர்ந்தது ஒரு ஃப்ரிட்ஜ் ஆளோட. டீன் ரவுஷ் என்ற அந்த இன்ஜினியர் ஃப்ரிட்ஜ், ஏசி செய்யும் கம்பெனியில் இருந்து வந்தவர். 6600இன் கேபினெட் மேலே இருந்து பார்த்தா கூட்டல் குறி மாதிரி நாலு கை நீட்டி இருக்கும். நடுவில் கம்பிகள் சந்திக்கும். ஒவ்வொரு கைக்கும் ஃப்ரியான் ஓடுற தனிக் குளிர்பதனம். வடிவம் அழகுக்காக வரவில்லை, கம்பி நீளமும் சூடும் சேர்ந்து வரைஞ்ச வடிவம் அது.

1969இல் 7600 வந்தது. அதுக்கு அடுத்த 8600 வரவே இல்லை. இன்னும் நெருக்கிப் பிடிச்சு, நாலு பிராசஸரை ஒண்ணா வைக்கப் பார்த்தார். சூட்டையும் சமாளிக்க முடியலை, எக்கச்சக்கமான சாலிடர் இணைப்புகளில் ஏதாவது ஒண்ணு விட்டுக்கிட்டே இருந்தது. கம்பெனியில் பணமும் நெருக்கடி. 1972இல் வெளியே வந்து கிரே ரிசர்ச் ஆரம்பிச்சார். சண்டை போட்டுப் பிரியலை, பழைய கம்பெனியே அவருக்குக் கொஞ்சம் முதலீடும் போட்டது.

இப்போ நம்ம விஷயம். கிரே-1. உங்க போனில் அதன் படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்க. ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற 12 தூண்கள், வட்டத்தில் முக்கால் பங்கு. சுத்தி கீழே சோபா மாதிரி மெத்தை போட்ட பெஞ்ச். உலகத்திலேயே விலை அதிகமான சோபான்னு அப்போவே கிண்டல் பண்ணாங்க. பெஞ்சைத் திறந்தா உள்ளே பவர் சப்ளைகள். நாம கேபினெட்டின் அடித்தளத்தில் பவர் சப்ளைக்குத் தனி அறை விடுறோமே, அதே யோசனைதான்.

வட்டத்தை முழுசா மூடாமல் ஒரு பக்கம் திறந்து விட்டதில்தான் விஷயம். உள்பக்கம் ஆள் நுழைஞ்சு நின்னு வேலை பார்க்கணும். கம்பிகள் எல்லாம் வளைவின் உள்பக்கம், ஏன்னா அங்கேதான் தூரம் குறைவு. எந்தக் கம்பியும் 4 அடியைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சார். 4 அடின்னா சிக்னலுக்கு ஏறக்குறைய 6 நானோசெகண்ட். அந்த மெஷினின் ஒரு கடிகாரத் துடிப்பு 12.5 நானோசெகண்ட், அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். வேகத்தை முடிவு பண்ணினது சிலிக்கான் மட்டும் இல்லை, கேபினெட்டின் சுற்றளவும்தான். கேபிள் மேனேஜ்மெண்ட்னு நாம ஜிப் டை கட்டி போட்டோ எடுக்கிறோம். அங்கே கைவேலை தெரிஞ்சவங்க ஒவ்வொரு கம்பியா, நேரம் ஒத்துப் போற நீளத்துக்கு வெட்டிக் கோத்தாங்க.

மொத்தம் 115 கிலோவாட் மின்சாரம் குடிக்கும். வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒண்ணு 1,000 வாட்னு வெச்சுக்கிட்டா, 115 அயர்ன் பாக்ஸை ஒரு அலமாரிக்குள் சேர்த்து ஆன் பண்ணின மாதிரி. நம்ம ஹாஸ்டல் கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்தாலும் 500, 600 வாட்தான். அதுக்கே நாம ரெண்டு ரேடியேட்டர் கேக்குறோம்.

கிரேயும் ரவுஷும் செஞ்சது இது. ரெண்டு சர்க்யூட் போர்டை முதுகுக்கு முதுகு வெச்சு, நடுவில் ஒரு செப்புத் தகடு. சிப்பின் சூடு தகட்டுக்கு இறங்கும். தகட்டின் விளிம்பு, தூணில் நிக்கிற அலுமினியப் பட்டையின் பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பட்டைக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், குழாய்க்குள் ஃப்ரியான். சிப், செப்பு, அலுமினியம், குழாய், ஃப்ரியான்னு சூடு படிப்படியா வெளியே போகுது. உங்க வாட்டர் பிளாக்கில் நடக்கிறதும் இதே சங்கிலிதான். எங்கேயாவது ஒரு இடத்தில் தொடுகை சரியில்லைன்னா மீதி எவ்வளவு காசு செலவு பண்ணினாலும் வீண்.

அப்படியும் மெஷின் சொன்ன நேரத்துக்கு வரலை. ஏறக்குறைய ஆறு மாசம் தாமதம். காரணம் லாஜிக் தப்பு இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. குழாய்க் கசிவு. கம்ப்ரசர் ஓட ஃப்ரியானோட ஒரு எண்ணெய் கலந்து ஓடும். அந்த எண்ணெய் சீல் வழியா கசிஞ்சு, போர்டுகள் மேல் மெல்லிசா படிஞ்சு, கடைசியில் ஷார்ட் ஆகிடுச்சு. குழாய் இணைப்பை வெல்டிங் பண்ற முறையையே புதுசா மாத்தின பிறகுதான் நின்னது. அந்தக் காலத்தின் அதிவேகக் கம்ப்யூட்டர் ஒரு வெல்டருக்காகக் காத்திருந்தது. அதனால்தான் சொல்றேன், உங்க லூப்பில் தண்ணி ஊத்தின அன்னிக்கே மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதீங்க. பம்ப்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வெச்சு, ஒரு நாள் முழுக்க ஓட விடுங்க. இன்னொண்ணு, நம்ம ஊர் வெயிலுக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணி ரூம் சூட்டுக்குக் கீழே இறங்காது. சேலத்தில் ஏப்ரல் மாசம் மொட்டை மாடிக்குக் கீழ் ரூமில் இருக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு ரேடியேட்டர் சைஸ் பாருங்க. கிரே ஃபேனையும் தண்ணியையும் விட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனது சும்மா இல்லை.

1976இல் முதல் கிரே-1 லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போச்சு. எடை சுமார் 5.5 டன். அதுக்குப் பிறகு 80க்கு மேல் வித்தது.

மனுஷன் எப்படிப்பட்டவர்னு கேட்டா நிறைய கதைகள் இருக்கு. டிசைனில் எங்கேயாவது மாட்டிக்கிட்டா வீட்டுக்குக் கீழே சுரங்கம் தோண்டப் போயிடுவாராம். தோண்டும்போது குட்டிச்சாத்தான் மாதிரி ஆட்கள் வந்து விடை சொல்லிட்டுப் போவாங்கன்னு வந்தவங்ககிட்ட விளையாட்டா சொல்வாராம். சுரங்கம் தோண்டினது மட்டும் நிஜம்.

இந்தக் கதையில் நம்ம நாடும் வருது. 1980களின் நடுவில், பருவமழைக் கணிப்புக்காக இந்தியா அமெரிக்காவிடம் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. அப்போ வித்துக்கிட்டிருந்த எக்ஸ்-எம்பி மாடலை வடிவமைச்சது ஸ்டீவ் சென் குழு, ஆனா கேபினெட் அதே குதிரை லாட வடிவம். ராணுவ வேலைக்குப் பயன்படுத்திடுவாங்கன்னு பயந்து அமெரிக்கா ரொம்ப நாள் இழுத்தது. கேட்ட ரெண்டு பிராசஸர் மெஷினுக்குப் பதிலா ஒரு பிராசஸர் இருக்கிற எக்ஸ்-எம்பி 14 தான், அதுவும் கண்காணிப்பு நிபந்தனைகளோட, டெல்லியில் உள்ள வானிலைக் கணிப்பு மையத்துக்கு வந்தது. அந்தக் கசப்பு இருந்த நேரத்தில்தான் 1988இல் புனேயில் சி-டாக் தொடங்கினாங்க. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 வந்தது. அதில் ஒரு பெரிய பிராசஸர் இல்லை, நிறைய சின்ன பிராசஸர்களைச் சேர்த்து வேலை வாங்கினாங்க. கிரேக்கு நம்பிக்கை இல்லாத வழி அது.

அவர் தன் வழியிலேயே இன்னும் ஆழமா போனார். 1985இல் கிரே-2. போர்டுகளை எட்டு அடுக்கா ஒட்டி வெச்சதில் செப்புத் தகடு நுழையக்கூட இடம் இல்லை. அதனால் முழு மெஷினையும் ஃப்ளூரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள் முக்கிட்டார். பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் அந்தத் திரவம் அருவி மாதிரி விழுந்துக்கிட்டே இருக்கும், அதனால் மெஷினுக்குக் குமிழின்னு செல்லப்பேர். ஒரே ஒரு போர்டை மாத்தணும்னாலும் முதலில் திரவத்தை முழுசா தொட்டிக்கு வடிக்கணும். லூப்பில் வடிகால் வால்வு வேண்டாம், காசு மிச்சம்னு சொல்ற பையனுக்கு இந்த வரியைக் காட்டுங்க.

அடுத்தது கிரே-3. சிலிக்கானை விட்டு காலியம் ஆர்சனைடு, 500 மெகாஹெர்ட்ஸ். மனுஷக் கை நுழையாத அளவுக்கு நெருக்கம், பாகங்களைக் கோக்க ரோபோ வேண்டியிருந்தது. செலவைத் தாங்க முடியாமல் 1989இல் தன் பேரிலேயே இருந்த கம்பெனியை விட்டுப் பிரிஞ்சு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் கிரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சார். வெளியே போனது ஒரே ஒரு மெஷின், 1993இல் அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்துக்கு. பனிப்போர் முடிஞ்சிருந்தது, வாங்க ஆள் இல்லை. சாதாரண சிப்புகளே வருஷா வருஷம் வேகம் கூடிக்கிட்டே வந்தது. 1995 மார்ச்சில் கம்பெனி திவால்.

எனக்கு இங்கே அவர் மேல் கொஞ்சம் கோபமும் வரும். 8600இல் எந்த நெருக்கம் அவரைக் கவிழ்த்ததோ, 20 வருஷம் கழிச்சு அதே நெருக்கத்தைத்தான் மறுபடியும் தேடிப் போனார். ஆனா 69 வயசில் திவாலான பிறகு அவர் ஓய்வெடுக்கலை. 1996இல் இன்னொரு கம்பெனி தொடங்கினார். இந்தத் தடவை நிறைய பிராசஸர்களை இணைக்கிற டிசைன், இத்தனை வருஷம் ஒதுக்கி வெச்ச அதே வழி. அது கொஞ்ச மாசம்தான். செப்டம்பர் 22 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் நெடுஞ்சாலையில் அவர் ஜீப் விபத்தில் சிக்கியது. அக்டோபர் 5 அன்று இறந்துட்டார். வயசு 71.

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ ஊரில் இருக்கிற கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்தில் ஒரு கிரே-1 இருக்கு. அந்தப் பக்கம் அண்ணனோ அக்காவோ வேலை பார்த்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முன்னாடி நின்னு செல்ஃபி வேண்டாம். வட்டம் திறந்திருக்கிற பக்கமா போய், உள்ளே தெரியுற கம்பிக் காட்டையும், தூண்களுக்கு நடுவில் நேரா நிக்கிற அலுமினியப் பட்டைகளையும் எடுக்கச் சொல்லுங்க.