பொன்னிற மருந்தும் சுப்பாராவும்

பண்ணைக் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தால், ஆய்வகத்தில் கையில் எடுக்கப்படும் பொருள்களில் ஒன்று சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வட்டு. அதில் 30 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் ஊறியிருக்கும். அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அது பிறந்த ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12ஆம் நாள் இன்றைய ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று சிறுவயதில் வீட்டை விட்டு ஓடியவர் இவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறைதான் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். எஸ்.பி.எம். முடிவைப் பார்த்துவிட்டு வாழ்க்கையே போச்சு என்று அழும் நண்பர்களுக்கு இந்தச் செய்தியை அனுப்பி வைக்கலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். ஆங்கிலேய அறுவைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அதற்கு முன்பே இரண்டு சகோதரர்களை ஸ்புரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். மருந்து தேடும் வெறி அவருக்கு ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். மருத்துவமனையில் இரவு வேலை, ஹார்வர்டில் பகல் படிப்பு. உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்க சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1925இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவியது. உயிரியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. இருந்தும் ஹார்வர்டு நிரந்தரப் பணி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். ஃபோலிக் அமிலத் தயாரிப்பு, யானைக்கால் நோய் மருந்து, இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து எல்லாம் அங்கே அவருடைய குழுவிலிருந்து வந்தவை.

அந்தக் குழுவில் பெஞ்சமின் டக்கர் என்ற ஓய்வுபெற்ற தாவரவியலாளர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். பல ஊர்களிலிருந்து மண்ணை வரவழைத்து, அதில் மருந்து சுரக்கும் நுண்ணுயிர் உண்டா என்று தேடுவதே அவர் வேலை. எங்கள் கியா பார்ம் தேயிலைச் சரிவில் ஒரு பிடி மண் எடுத்தாலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். அவற்றில் பயனுள்ள ஒன்றைப் பிடிப்பது எத்தனை பொறுமையான வேலை! மிசூரி பல்கலைக்கழக வயலின் மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து வந்த ஆரியோமைசின் 1948இல் வெளியுலகுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தாயகம் திரும்பாமலே, 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

அடுத்து நடந்ததை அவர் பார்க்கவில்லை. இந்த மருந்தைத் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் கோழிகள் வேகமாக வளர்கின்றன என்று அதே லெடர்லி ஆய்வாளர்கள் 1950இல் அறிவித்தார்கள். பண்ணைகள் சும்மா இருக்குமா? இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்சிடெட்ராசைக்ளின் மீன் தீவனத்துக்குள்ளும் நுழைந்தது. மீனின் குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. கழிவோடும் தின்னாத தீவனத்தோடும் மிச்சம் குளத்துச் சேற்றில் இறங்குகிறது. அங்கே பலவீனமான கிருமிகள் சாக, மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்ப் கொண்டவை பிழைக்கின்றன. பம்பைக் கட்டும் மரபணுவை அவை பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அந்தப் பக்கத்துக் கிருமி மனிதருக்கு நோய் தருவதாகவும் இருக்கலாம்.

அதனால்தான் அந்தக் காகித வட்டு தேவைப்படுகிறது. நோயுற்ற மீனின் சிறுநீரகத்திலிருந்து ஏரோமோனாஸ் போன்ற கிருமியைப் பிரித்தெடுத்து, அகார் தட்டில் பரப்பி, நடுவே வட்டை வைப்பார்கள். மனிதக் கிருமிகளுக்கு 35 டிகிரி வெப்பம். மீன் கிருமிகளுக்குப் பெரும்பாலும் 28 அல்லது 22 போதும். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் அகலமாக இருந்தால் மருந்து வேலை செய்யும். அந்த அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். கோவிட் காலத்தில் நமக்குப் பழகிப்போன பி.சி.ஆர். சோதனையால் பம்ப் மரபணுவையே சில மணி நேரத்தில் தேடவும் முடியும்.

வட்டின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தால், அந்தக் குளத்துத் தீவனத்தில் இனி டெட்ராசைக்ளின் கலப்பது வீண் செலவு.