மகன் இறந்தான்; மகள்களுக்காகச் சட்டம் வந்தது: சர்ச்சிலுக்கும் டயானாவுக்கும் பொதுவான பாட்டி சாராவின் கதை

வின்ஸ்டன் சர்ச்சில் இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டன் பிரதமர். இளவரசி டயானா 1997-ல் பாரிஸ் கார் விபத்தில் இறந்தவர். இருவரும் ஒரே குடும்பம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனா உண்மை அதுதான். இருவரின் வம்சாவளியையும் சுமார் 300 வருடம் பின்னோக்கிக் கொண்டுபோனால், இரண்டும் ஒரே பெண்ணிடம் போய் நிற்கும். அவர் பெயர் சாரா சர்ச்சில். மார்ல்பரோ குடும்பத்தின் முதல் டச்சஸ்.

2018-ல் வந்த 'தி ஃபேவரிட்' படம் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ராணி ஆனின் தோழியாக, அரண்மனையையே ஆட்டிப்படைப்பவராக ரேச்சல் வைஸ் நடித்திருப்பாரே, அவர்தான். படம் ராணியோடு வந்த சண்டையோடு முடிந்துவிடும். சாராவின் வாழ்க்கையில் அதற்குச் சமமான இன்னொரு போராட்டம் இருந்தது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த டியூக் பட்டத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆண் பிள்ளை இல்லை என்பதுதான் அது.

பட்டம்னா என்ன?

இங்கிலாந்துப் பிரபுக்களின் ஏணியில் ஐந்து படிகள். மேலே டியூக். அதற்குக் கீழே வரிசையாக மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன். ஆபீஸில் புரமோஷன் கிடைத்தால் பழைய டெசிக்னேஷன் போய்விடும். இங்கே அப்படி இல்லை. ஏர்ல் ஒருவர் டியூக் ஆனாலும் ஏர்ல் பட்டமும் அவரிடமே இருக்கும். டியூக்கின் மூத்த மகன், அப்பாவின் இரண்டாவது பெரிய பட்டத்தை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார். சட்டப்படி அது அவருடையது இல்லை, அப்பா இறக்கும் வரை அவர் சாதாரணக் குடிமகன்தான்.

பெரும்பாலான பட்டங்களுக்கு ஒரே விதி: அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் வர மாட்டார்கள். ஆண் வாரிசு தீர்ந்துவிட்டால் பட்டமும் தீர்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மகன் இல்லாத ராஜாவின் மகள் நாட்டையே ஆளலாம். ஆனால் மகன் இல்லாத டியூக்கின் மகள் டச்சஸாக முடியாது.

சாரா யார்?

1660 ஜூன் 5-ல் பிறந்தவர். செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் நிலம் வைத்திருந்த ஜென்னிங்ஸ் குடும்பம். 1673-ல், 13 வயதில் அரண்மனை வேலைக்கு வந்தார். யார்க் டியூக் ஜேம்ஸின் மனைவி மேரிக்குப் பணிப்பெண். பணிப்பெண் என்றால் பாத்திரம் கழுவுவது இல்லை. பெரிய இடத்துப் பெண்கள் அரச குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் மதிப்பான வேலை. ஜேம்ஸின் இளைய மகள் ஆன், சாராவைவிட சுமார் 5 வயது சின்னவர். கூச்ச சுபாவம், கண் பார்வையும் கொஞ்சம் குறைவு. சாரா நேர் எதிர்: அழகு, வேகமான பேச்சு, மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கும் வாய்.

அங்கேதான் ஜான் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரியைச் சந்தித்தார். ஜானின் அப்பா பெயரும் சர் வின்ஸ்டன் சர்ச்சில்தான், குழம்ப வேண்டாம். உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் சண்டை போட்டு, தோற்று, அபராதம் கட்டி, கடைசியில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த மாமியார் வீட்டில் அடைக்கலமானவர். அதனால் ஜானிடம் அழகு இருந்தது, திறமை இருந்தது, பணம்தான் இல்லை. பணக்காரப் பெண் ஒருத்தியைப் பார்க்கச் சொன்ன வீட்டாரை மீறி, 1677-78 குளிர்காலத்தில் இருவரும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அடுத்த 25 வருடத்தில் ஜான் ஏணியில் ஏறிய வேகம் அபாரம். 1682-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு பட்டம். 1685-ல் இங்கிலாந்தில் பாரன். 1688-ல் ராஜா ஜேம்ஸை விட்டு வில்லியம் பக்கம் தாவினார். அதே சமயத்தில் இளவரசி ஆனை அரண்மனையின் பின் மாடிப்படி வழியாக ராத்திரியோடு ராத்திரியாகத் தப்ப வைத்தவர் சாரா. புது ராஜா வில்லியம் 1689-ல் ஜானை மார்ல்பரோ ஏர்ல் ஆக்கினார்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. 1692-ல் சந்தேகத்தின் பேரில் ஜான் பதவி இழந்து லண்டன் டவர் சிறைக்குப் போனார். சாராவை வேலையிலிருந்து அனுப்பிவிடு என்று ராணி மேரி தன் தங்கை ஆனிடம் சொன்னார். ஆன் மறுத்து, தானே அரண்மனையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். தோழிக்காக அக்காவையே பகைத்துக்கொண்ட நட்பு அது. அந்தஸ்து குறுக்கே வரக் கூடாதென்று கடிதங்களில் இருவரும் புனைபெயர்கூட வைத்துக்கொண்டார்கள். ஆன், மிஸஸ் மார்லி. சாரா, மிஸஸ் ஃப்ரீமன்.

1702-ல் ஆன் ராணியானார். ஜான் தலைமைத் தளபதி. சாரா கையில் ராணியின் உடை, படுக்கையறை, சொந்தப் பணம் ஆகிய மூன்று பொறுப்புகளும். அந்த வருட டிசம்பரில் ஜான் டியூக் ஆனார். இதில் தயங்கியவர் சாராதான்! டியூக் அந்தஸ்துக்குத் தக்க செலவு செய்யக் காசு எங்கே என்பது அவர் கேள்வி. அதனால் ராணி வருடத்துக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கினார். தன் சொந்தப் பணத்திலிருந்து மேலும் 2,000 தருவதாகவும் சொன்னார். அதை சாரா பெருந்தன்மையாக வேண்டாம் என்றுவிட்டார். பிற்பாடு நட்பு முறிந்து கணக்கு முடிக்கும்போது, 9 வருட பாக்கி என்று 18,000 பவுண்டு எடுத்துக்கொண்டார். சாராவின் குணத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

1703 பிப்ரவரி

ஜான் - சாரா தம்பதிக்கு வளர்ந்த பிள்ளைகள் ஐந்து பேர். ஹென்ரியட்டா, ஆன், எலிசபெத், மேரி என நான்கு பெண்கள், ஜான் என்று ஒரே பையன். இன்னொரு மகன் சார்லஸ் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். அப்பா டியூக் ஆனதும் பையன் பிளான்ட்ஃபோர்டு மார்க்விஸ் ஆனான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், வயது 17.

டியூக் பட்டம் கிடைத்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அவனுக்குப் பெரியம்மை வந்தது. தடுப்பூசி இல்லாத காலம். சாரா கேம்பிரிட்ஜுக்கு ஓடினார். ராணி தன் சொந்த மருத்துவர்களை அனுப்பிவைத்தார். எதுவும் பலிக்கவில்லை. 1703 பிப்ரவரி 20-ல் பையன் இறந்தான். கல்லூரியின் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ராணி ஆனுக்கு இந்த வலி புதிதில்லை. அவர் 17 முறை கருவுற்றவர். பிழைத்து நின்ற ஒரே மகனும் 1700-ல் 11 வயதில் போய்விட்டான். பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாயாக அருகில் வந்து இருக்கட்டுமா என்று கேட்டார். சாரா தனிமையை விரும்பினார். இருவருக்கும் இடையே விரிசல் தொடங்கியது இங்கேதான் என்று சொல்பவர்கள் உண்டு. அரசியலும் காரணம்: சாரா தீவிர விக் கட்சி, ராணிக்கு டோரிகள் மேல்தான் பிரியம்.

சாராவுக்கு அப்போது 42 வயது. இன்னொரு மகனுக்கான ஆசை இருந்தது, நடக்கவில்லை. அப்படியென்றால் ஜான் இறக்கும் நாளில் டியூக் பட்டமும் இறந்துவிடும்.

போர்க்களம் கொடுத்த சலுகை

1704 ஆகஸ்ட் 13. பவேரியாவில் பிளெனம் என்ற ஊருக்கு அருகே பிரெஞ்சுப் படையை ஜான் நொறுக்கினார். வெற்றிச் செய்தியை ஒரு சாப்பாட்டு விடுதி பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கி, ராணியிடம் சொல்லச் சொல்லி சாராவுக்கு அனுப்பினார். நாடு கொண்டாடியது. பரிசாக ஆக்ஸ்ஃபோர்டு அருகே வுட்ஸ்டாக்கில் அரச நிலம் கொடுத்தார்கள். அதில் எழுந்ததுதான் பிளெனம் மாளிகை. வாடகை? ஒவ்வொரு வருடமும் அந்தப் போரின் நினைவு நாளில் ராஜாவுக்கோ ராணிக்கோ ஒரு கொடி.

1706-ல் ராமில்யீயில் இன்னொரு பெரிய வெற்றி. அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் போட்டது. ஜானின் பட்டங்கள் முதலில் மூத்த மகளுக்கு, பிறகு அவருடைய ஆண் வாரிசுகளுக்கு. அந்த வரிசை அற்றுப்போனால் அடுத்த மகளுக்கும் அவர் மகன்களுக்கும். இப்படியே நான்கு பேருக்கும் வழி. 5,000 பவுண்டு உதவித்தொகையும் பட்டத்தோடு சேர்ந்து தொடரும் என்றானது.

இதைப் பெண்ணுரிமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சட்டம் மகள்களைப் பாலமாகத்தான் பார்த்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டியது பேரன்களே. இருந்தாலும் ஒரு டியூக் பட்டத்துக்கு இது மிக அரிதான சலுகை. அதே நாடாளுமன்றம் 1701-ல், பிள்ளையில்லாத ஆனுக்குப் பிறகு சிம்மாசனம் யாருக்கு என்பதையும் ஒரு பெண் வழியாகவே தீர்த்தது. ஹனோவரின் சோஃபியாவும் அவருடைய வாரிசுகளும் என்று. 1682-ன் ஸ்காட்லாந்து பட்டத்துக்கு இந்தச் சலுகை ஒட்டவில்லை. ஜானோடு அது மறைந்துபோனது. சட்டம் மட்டும் வராமல் போயிருந்தால் எல்லா பட்டங்களுக்கும் இதே கதிதான்.

நட்பு முறிந்தது

மீதி, படத்தில் பார்த்த கதை. சாராவே அரண்மனைக்குள் கொண்டுவந்த ஏழை உறவுக்காரப் பெண் அபிகேல், ராணியின் மனதில் இடம்பிடித்தார். 1710 ஏப்ரலில் ராணியும் சாராவும் கடைசியாகச் சந்தித்தார்கள். 1711 தொடக்கத்தில் சாராவின் பதவிகள் போயின, வருடக் கடைசியில் ஜானின் பதவியும். இருவரும் ஐரோப்பா போய்விட்டார்கள். 1714 ஆகஸ்ட்டில் ராணி இறந்த சமயத்தில்தான் ஊர் திரும்பினார்கள்.

பட்டம் போன பாதை

அதன் பிறகு வீட்டில் சாவுகள். 1714-ல் எலிசபெத்துக்கும் பெரியம்மை. 1716-ல் சண்டர்லாண்ட் ஏர்லின் மனைவியாகியிருந்த இரண்டாவது மகள் ஆன். இறப்பதற்கு முன்பே, தன் பிள்ளைகளை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவருக்கு எழுதி வைத்திருந்தார். இருக்கும் மகள்கள் ஹென்ரியட்டாவும் மேரியும் அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத நிலை. 1722 ஜூனில் ஜான் மரணப் படுக்கையில் இருந்தபோதும் அந்த இறுக்கம் தளரவில்லை.

ஜான் இறந்ததும் 1706 சட்டம் வேலைக்கு வந்தது. ஹென்ரியட்டா தன் சொந்த உரிமையில் டச்சஸ் ஆனார். இவருடைய கணவர் டியூக் ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டியூக்கின் மனைவி டச்சஸ் ஆவார், ஆனால் பட்டத்துக்கு உரிமையான டச்சஸின் கணவருக்கு எதுவும் ஒட்டாது. நாடக ஆசிரியர் வில்லியம் காங்கிரீவோடு ஹென்ரியட்டாவுக்கு இருந்த நெருக்கம் ஊரறிந்தது. சாராவுக்கு அது தாங்க முடியாத எரிச்சல். ஹென்ரியட்டாவின் மகன் 1731-ல் இறந்தார், ஹென்ரியட்டா 1733-ல். ஆக, மூத்தவர் வரிசை முடிந்தது.

அடுத்து ஆன். அவர் உயிரோடு இல்லை, ஆனால் மகன்கள் இருந்தார்கள். மூத்த பேரன் 1729-லேயே இறந்துவிட்டதால், அடுத்தவரான சார்லஸ் ஸ்பென்சர் மூன்றாவது டியூக் ஆனார். மார்ல்பரோ பட்டம் வந்ததால் ஸ்பென்சர் குடும்பத்தின் ஆல்தார்ப் சொத்து கடைசித் தம்பி ஜான் ஸ்பென்சருக்குப் போனது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

சாராவுக்கு சார்லஸைப் பிடிக்காது, ஜானி என்று கூப்பிட்ட சின்னப் பேரன்தான் செல்லம். பேத்திகளிலும் அப்படித்தான். ஒரு பேத்தி மேல் வந்த கோபத்தில் அவள் ஓவியத்தின் முகத்தில் கறுப்பு மையைப் பூசினார் என்று ஒரு கதை உண்டு. மாறாக, தாய் இறந்த பிறகு தானே வளர்த்த இன்னொரு பேத்தி மேல் உயிர். அவள் பெயர் டயானா ஸ்பென்சர். ஒரு லட்சம் பவுண்டு சீதனத்தோடு அவளை வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக்குக்குக் கட்டிவைக்க சாரா முயன்றதாகவும், பிரதமர் வால்போல் தடுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. டயானா பெட்ஃபோர்டு டியூக்கை மணந்து 1735-ல், 25 வயதில் காசநோயால் இறந்தார்.

பண விஷயத்தில் சாராவை யாரும் ஏமாற்ற முடியவில்லை. 1720-ல் சவுத் சீ கம்பெனி பங்குகள் ஏறி நாடே பைத்தியம் பிடித்து வாங்கியபோது, இது குமிழி என்று கணித்து உச்ச விலையில் விற்றார். லாபம் சுமார் ஒரு லட்சம் பவுண்டு. பிளெனம் மாளிகை கட்டிய வான்ப்ரூவோடு செலவுக்காகச் சண்டை போட்டு, 1725-ல் அவர் பார்க்க வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிய கணக்குப்பிள்ளை மனது அவருக்கு.

1744 அக்டோபர் 18-ல், 84 வயதில் சாரா இறந்தார். அவரது விருப்பப்படி ஜானின் உடலும் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து எடுத்துவரப்பட்டு, பிளெனம் தேவாலயத்தில் இருவரும் சேர்ந்து அடக்கமானார்கள். தன் கையிலிருந்த சொத்தில் பெரும்பங்கை ஜானிக்கு எழுதிவைத்திருந்தார், அரசுப் பதவியோ உதவித்தொகையோ வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஜானி இரண்டு வருடத்துக்குள் இறந்துவிட்டார். அப்போது 11 வயதான அவர் மகன், 1765-ல் முதல் ஸ்பென்சர் ஏர்ல் ஆனார். இந்தக் கிளையில் வந்தவர்தான் 1981-ல் வேல்ஸ் இளவரசர் சார்லஸை மணந்த டயானா ஸ்பென்சர்.

சார்லஸ் கிளை பிளெனத்திலேயே தங்கியது. பெண் வழியில் வந்ததால் அவர்கள் பெயரில் சர்ச்சிலே இல்லை, வெறும் ஸ்பென்சர்கள். 1817-ல் ஐந்தாவது டியூக் அரச அனுமதி பெற்று ஸ்பென்சர்-சர்ச்சில் என்று மாற்றிக்கொண்டார். ஏழாவது டியூக்கின் இளைய மகன் ராண்டால்ஃபுக்கு 1874 நவம்பர் 30-ல் அந்த மாளிகையிலேயே பிறந்த பையன் வின்ஸ்டன். 1895-ல் அப்பா இறந்த பிறகு, ஒன்பதாவது டியூக்குக்கு மகன் பிறக்கும் 1897 வரை, பட்டத்துக்கு அடுத்த வாரிசு இவர்தான். அந்தக் குழந்தை பிறக்காமல் போயிருந்தால் வின்ஸ்டன் ஒருநாள் டியூக் ஆகி, பிரபுக்கள் சபைக்குப் போயிருப்பார். பிறந்ததால் மக்கள் சபையில் உட்கார்ந்து 1940-ல் பிரதமரானார்.