காது கேட்கும், மூளை புரிந்துகொள்ளும்

தறிச் சத்தம் கேட்டால் அப்பா நெய்கிறார், மணியோசை கேட்டால் ஏகாம்பரநாதர் கோயிலில் பூஜை. இது நமக்குச் சட்டென்று புரிகிறது. கேட்பது காது, புரிந்துகொள்வது மூளை. இதை ஆராய்ந்த மேதை டாக்டர் கார்ல் வெர்னிக்கே.

1848-ல், இன்று போலந்தில் உள்ள டார்னோவிட்ஸில் பிறந்தார். பிரெஸ்லாவில் மருத்துவம் படித்தார். வியன்னாவில் பேராசிரியர் மைனெர்ட்டிடம் மூளையின் அமைப்பைக் கற்றார். சில நோயாளிகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சும் சரளமாக வரும். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. இடது காதை ஒட்டிய மூளைப்பகுதி பழுதானதே காரணம் என்று 1874-ல், 26 வயதில் நூல் எழுதினார். 1905-ல் சைக்கிள் விபத்தில் மறைந்தார்.

பொருளை அறிய மூளையின் பல பகுதிகள் சேர்ந்து உழைக்கின்றன என்பது இன்றைய அறிவியல். இவை பழுதானால், சிலருக்கு மணியோசை போன்ற அன்றாடச் சத்தங்களும் பிடிபடாது.

எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். இதை எழுதக் காரணம் உண்டு. எங்க தெருவில் பக்கவாதம் வந்து இப்படிப் பேசிய நெசவாளர் ஒருவரைப் பைத்தியம்னு ஒதுக்கிட்டாங்க. அது பைத்தியமல்ல நண்பர்களே, மூளையில் பட்ட காயம்! யாருக்காவது திடீர்னு பேச்சு குழறினால் மந்திரிக்க ஓடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.