தவிட்டில் விளைந்த மருந்து!

குட்டீஸ்... இன்று மதியம் சாப்பிடும்போது, ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் மென்று கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கில் லேசாக இனிக்கும். சர்க்கரை போட்டது யார் தெரியுமா? உங்கள் எச்சில்தான்! அதிலுள்ள, 'அமைலேஸ்' என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்து சர்க்கரையாக்கி விடுகிறது.

இதே வேலையைச் செய்யும் நொதியை, ஒரு பூஞ்சையிடமிருந்து கறந்து, மருந்தாக்கியவர் ஜப்பான் விஞ்ஞானி ஜோகிச்சி தகாமினே.

இவர், 1854ம் ஆண்டு நவம்பர் 3ம் தேதி, தகாவோகா என்ற ஊரில் பிறந்தார். கனசாவா நகரில் வளர்ந்தார். அப்பா வைத்தியர். அம்மாவின் குடும்பத்தினருக்கு, அரிசியிலிருந்து, 'சாகே' என்ற மது தயாரிக்கும் தொழில். அந்தத் தொழிலுக்கு உயிர்நாடியே பூசணம்தான். நம் வீட்டில் ரொட்டியில் பூசணம் பிடித்தால் குப்பைக்குப் போகும். அங்கோ, ஆவியில் வேகவைத்த அரிசியில் பூசணம் பிடிக்காவிட்டால்தான் கவலை! பூசணம் படர்ந்த அந்த அரிசிக்கு, 'கோஜி' என்று பெயர். (எல்லாப் பூசணமும் இப்படி நல்லதல்ல. வீட்டில் யாரும் தின்று பார்த்து விடாதீர்கள்!)

டோக்கியோவில் பொறியியல் கல்லூரிப் படிப்பை முடித்த தகாமினே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலும் படித்துத் திரும்பினார். அரசு வேலை பார்த்தார். டோக்கியோவில் உரக் கம்பெனி தொடங்கினார். 1887ல், கரோலின் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

அமெரிக்காவில் அப்போது, விஸ்கி ஆலைகள் தானிய மாவுச்சத்தை சர்க்கரையாக்க, முளைகட்டிய பார்லியைப் பயன்படுத்தின. பார்லியை ஊற வைத்து, முளைக்க விட்டு, உலர்த்தி எடுக்கப் பல நாட்கள் ஆகும். கோஜியோ இரண்டே நாளில் தயார். அதை இங்கே பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது தகாமினேவுக்கு. அமெரிக்க ஆலைக்காரர்கள் அழைத்ததும், நல்ல நிலையிலிருந்த உரக் கம்பெனியை விட்டுவிட்டு, மனைவி, இரண்டு மகன்களோடு 1890ல் கப்பல் ஏறி விட்டார். துணிச்சல்தான், இல்லையா?

போன இடத்தில் ஒரு சிக்கல். கோஜிக்கு அரிசி வேண்டும்; அது கட்டுப்படியாகாது. சுற்றிலும் பார்த்தார். மாவு ஆலைகளில் கோதுமைத் தவிடு குவிந்து கிடந்தது. அதையே ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பூஞ்சையின் வித்துகளைத் தூவினார். பூஞ்சை ஜோராக வளர்ந்தது!

ஏன் தெரியுமா? பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதியை உடம்புக்கு வெளியே கசிய விட்டு, உணவைக் கரைத்துத்தான் உறிஞ்சும். தவிட்டில் ஒட்டியிருக்கும் மாவுச்சத்து, அதை நொதி சுரக்கத் தூண்டுகிறது. மாவுச்சத்துக்குப் பதில் குளுக்கோஸைக் கொட்டிப் பாருங்கள்... தயாராகச் சாப்பாடு இருக்கும்போது சமைப்பானேன் என்று, நொதி சுரப்பதைக் குறைத்து விடும், அந்தக் கள்ளப் பூஞ்சை! தவிடு பொலபொலவென்று இருப்பதால், இடையில் காற்றும் புகும். காற்றில்லாமல் அது வளராது.

அதற்காக, தூவிவிட்டு ஹாயாகத் தூங்க முடியாது. வளரும் பூஞ்சை, தானே வெப்பத்தை வெளிவிடும். குவியல் கையைச் சுடும் அளவு சூடாகிவிட்டால், பூஞ்சை செத்துப் போகும். எனவே, பரப்பி, கிளறி, ஆற்ற வேண்டும். ஈரம் குறைந்தால் வளராது. கூடினால் தவிடு களியாகி, வேண்டாத கிருமிகள் குடியேறும்.

இன்னொரு வேடிக்கை... ஜப்பானில் சாகே தயாரிப்பவர்கள், கோஜியைக் கடைசிக் கட்டத்தில் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடேற விடுவர். அப்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி நிறைய கிடைக்கும். சோயா சாஸ் தயாரிப்பவர்களோ, 30 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பர். அதில், புரதத்தை உடைக்கும் நொதி அதிகம். ஒரே வகைப் பூஞ்சைதான். சூட்டுக்கு ஏற்றபடி சரக்கை மாற்றுகிறது!

தகாமினேவின் முறை, பார்லி முளைகட்டுவோரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிழைப்பு போய்விடுமே என்ற அவர்களின் பயமும் நியாயம்தானே! எதிர்ப்பு கிளம்பியது. பியோரியா நகரில் அவரது ஆலை தீப்பிடித்து எரிந்தது. கல்லீரல் நோய் வேறு படுத்தியது. ரயிலில் சிகாகோவுக்குக் கொண்டு போய் அறுவை சிகிச்சை செய்தனர். பிழைத்து எழுந்து, மறுபடியும் ஆலையைக் கட்டினார். ஆனால், விஸ்கி கம்பெனிகளின் கூட்டணியே உடைந்து போனதால், முயற்சி பாதியில் நின்றது.

கையில் மிஞ்சியது, தவிட்டுப் பூஞ்சை மட்டும்தான். அதைத் தண்ணீரில் ஊற வைத்து, நொதியைக் கரைத்து எடுத்தார். ஆல்கஹால் சேர்த்ததும் நொதி அடியில் படிந்தது. அதை உலர்த்திப் பொடியாக்கினார். இதற்கு, 1894ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பொடியை, 'டாகா டயாஸ்டேஸ்' என்ற பெயரில், பார்க் டேவிஸ் கம்பெனி ஜீரண மருந்தாக விற்றது. சோறு செரிக்காமல் தவித்தவர்கள் வாங்கிக் குவித்தனர். ஜப்பான் எழுத்தாளர் நட்சுமே சொசேகி எழுதிய, பூனை கதை சொல்லும் நாவலில் வரும் வாத்தியார் கூட, இந்த மருந்தைத்தான் சாப்பிடுவார்!

அதன் பின், 1900ல், உதவியாளர் கெய்சோ உவேநகாவோடு சேர்ந்து, 'அட்ரினலின்' ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1912ல், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு ஜப்பானிலிருந்து 3,020 செர்ரி மரங்கள் பரிசாக வந்ததற்கும், இவரது பணமும் முயற்சியும் உதவின.

தகாமினே, 1922ம் ஆண்டு ஜூலை 22ம் தேதி, நியூயார்க்கில் காலமானார். பூஞ்சையிலிருந்து நொதி எடுக்கும் வேலை, இன்று பெரிய பெரிய எஃகுத் தொட்டிகளில் நடக்கிறது. ஆனாலும், தட்டில் ஈரத் தவிட்டைப் பரப்பி, பூஞ்சை வளர்த்து நொதி எடுக்கும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை.