உயிரின் சக்தியைக் கண்ட சுப்பாராவ்

பாகலூர்ப் பையன் கல்லூரியில் சேர்ந்து உயிரணுப் பாடத்தைப் புரட்டினாலும் சரி, அமெரிக்காவில் ஒருவன் புரட்டினாலும் சரி, ஆரம்பத்திலேயே எதிர்ப்படும் பெயர் ஏ.டி.பி. நடக்கவும் பேசவும் நினைக்கவும் நமக்குச் சக்தி தரும் பொருள் அது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் உடை

சுப்பாராவ் 1895-ல் ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி; அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

இதற்கிடையே சகோதரர் இருவரை "ஸ்ப்ரூ" என்ற வயிற்று நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அதே நோய் அவரையும் பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். அந்த நோயை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

காந்திஜியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக்கும் கதர் உடை அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இரவில் வேலை

இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவில் சிற்றாள் வேலை. பகலில் ஹார்வர்டில் படிப்பு.

அங்கே பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பரசை நீல நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அந்த அளவுகோலே புதிய வழியைத் திறந்தது. 1929-ல் தசையிலிருந்து ஏ.டி.பி.யை இருவரும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே அதைக் கண்டார். ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. ஒன்று பிரியும்போது சக்தி வெளிப்படுகிறது. தசை அதைக் கொண்டே சுருங்குகிறது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

பழைய பகை

1940-ல் லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, பின்பு ஆராய்ச்சித் தலைவர் ஆனார். 1945-ல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று!

உயிரணு பெருகுவதற்குப் போலிக் அமிலம் வேண்டும். அதன் வேலையைத் தடுத்தால் புற்றுநோய் அணுக்களும் பெருக முடியாதல்லவா? அத்தகைய மருந்தையும் அவர் குழு தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு டாக்டர் பார்பர் அதைக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகக் குணம் தெரிந்தது என்று 1948-ல் அறிவித்தார். அந்த வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கிய டி.இ.சி. மாத்திரையும் அவர் கூடத்தில் பிறந்ததே.

திரும்பவில்லை

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில், மாரடைப்பால் அமெரிக்காவில் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. நோபல் பரிசும் கிட்டவில்லை. 1995-ல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் போலிக் அமிலம் இருக்கிறது. அதை விழுங்கும் தாய்மாருக்குச் சுப்பாராவின் பெயர் தெரியாது. வயிற்றில் வளரும் குழந்தைக்கு அவர் உழைப்பு மட்டும் தவறாமல் போய்ச் சேருகிறது.