எஸ். பாலச்சந்தர்

வீணை எஸ். பாலச்சந்தர் (சனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) தமிழகத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற வீணைக் கலைஞரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். தமிழில் குற்றப் புலனாய்வுத் திரைப்படங்களின் முன்னோடிகளுள் ஒருவர். நன்னிலம் அருகே நல்லமாங்குடியில் பிறந்த இயக்குனர் கே. பாலச்சந்தர் வேறொருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் மகனாகப் பிறந்தார். ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம், நடிகை எஸ். ஜெயலட்சுமி ஆகியோர் இவரது உடன்பிறந்தோர். 1934 இல் வெளியான சீதா கல்யாணம் திரைப்படத்தில் மூவரும் நடித்தனர். பாலச்சந்தர் குருவின்றித் தாமே முயன்று வீணை கற்றார்.

திரைப்படங்கள்

1948 இல் என் கணவர் படத்தின் மூலம் இயக்குனரானார். 1951 இல் கைதி படத்தை இயக்கினார். 1954 இல் ஏவிஎம் நிறுவனத்திற்காக இயக்கிய அந்த நாள் இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டு இறக்கிறார். ஐயத்திற்குரியவர்கள் ஒவ்வொருவர் கூற்றின் வழியாகவும் கதை விரிகிறது. சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன் ஆகியோர் நடித்தனர். இசைக்கலைஞர் ஒருவர் இயக்கிய இப்படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. பாடல்களை எதிர்பார்த்த அக்கால மக்களிடம் படம் வரவேற்புப் பெறவில்லை. எனினும் இரண்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது.

பின்னர் அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகியவற்றை இயக்கினார். பொம்மையில் வெடிகுண்டு மறைத்து வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே செல்கிறது. நடு இரவில் படத்தில் மாளிகையொன்றில் கூடிய உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். இதுவே இவர் இயக்கிய இறுதித் திரைப்படம்.

இசை

இவர் வாசித்தது சரசுவதி வீணை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் இது 24 மெட்டுகளுடன் இன்றைய வடிவம் பெற்றதாகக் கருதப்படுகிறது. எனவே தஞ்சாவூர் வீணை எனவும் வழங்கப்படுகிறது. பலா மரத்தில் செய்யப்படும் இக்கருவி 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை எழுப்புவது பாலச்சந்தரின் தனிச்சிறப்பாகும். 1982 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

மறைவும் மதிப்பீடும்

கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் காலமானார். வாழ்நாளின் பிற்பகுதியில் வீணைக் கலைஞராகவே அறியப்பட்டார். வெளியானபோது புறக்கணிக்கப்பட்ட அந்த நாள், இன்று தமிழ்த் திரைப்பட வரலாற்றின் முக்கியப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.