இரும்பில்லா இல்லம்



கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலை ஓடையில் நம்மில் பலர் குளித்திருப்போம். அம்மலைப் பாறைகளில் காந்த இரும்புத்தாது இருப்பதைச் சிலரே அறிவர். மண்ணுக்குள் மறைந்திருக்கும் இரும்பு, அவ்விடத்தில் பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகிறது. அச்சிறு மாற்றத்தை அளந்து, தோண்டாமலேயே இரும்பைக் காட்டித்தரும் கருவிதான் காந்தமானி. ஆனால் அதை ஏந்துபவரின் பையில் சாவிக்கொத்து இருந்தால் போதும், அளவு பிழையாகிவிடும்.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த அறிவியலாளர் நானாபாய் மூஸ். 1859-ல் பிறந்தவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1896-ல் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அங்கே 1841 முதல் பூமியின் காந்தப்புலம் அளக்கப்பட்டு வந்தது.

அவ்வேளையில், குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளை இனி மின்சாரத்தில் ஓட்டுவது என்று முடிவாயிற்று. தண்டவாளத்திலும் தரையிலும் பாயும் மின்சாரம் நுண்ணிய அளவுகளைக் கெடுத்துவிடும். மூஸ் முன்னதாகவே விழித்துக்கொண்டார். கடலுக்கு அப்பால், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலிபாக்கைத் தேர்ந்தார். காந்தத்தன்மையற்ற போர்பந்தர் கல்லால், இரும்பே சேராமல் கட்டடம் எழுந்தது. 1904 முதல் இரண்டு ஆண்டுகள் இரு இடங்களிலும் அளந்து ஒப்பிட்டார். மின்சார டிராம் ஓடத் தொடங்கிய 1907-க்குள் பணி முடிந்திருந்தது. 1846 முதல் 1905 வரையிலான 60 ஆண்டு அளவுகளை 1910-ல் நூலாக வெளியிட்டார். 1936-ல் மறைந்தார். அலிபாக் ஆய்வகம் இன்றும் பணியாற்றுகிறது.

பிறரிடம் மறைந்துள்ள குறையைத் தேடுவதில் நாம் வல்லவர்கள். குடும்பத்திலும் அன்பியக் கூட்டத்திலும் நம் முள் உடனே அசைகிறது. அதை அசைப்பது நம் பையில் உள்ள இரும்பாகவும் இருக்கலாமே! பங்குப்பணியில் நாமும் இப்படித் தவறியதுண்டு. ஞாயிறு திருப்பலிக்கு வராத ஒருவரைப் பக்தியற்றவர் என்று முடிவு செய்தோம். படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயின் அருகில் அவர் இருந்தார் எனப் பிறகே அறிந்து வெட்கினோம். நம் கண்ணில் உள்ள மரக்கட்டையை முதலில் எடுக்கும்படி இயேசு கற்பித்தது இதற்காகத்தான்.

இன்றிரவு மன ஆய்வு செய்வோம். வெறுப்பு, பொறாமை, பழைய கோபம் ஆகியவற்றை ஒப்புரவு அருட்சாதனத்தில் இறக்கி வைப்போம். அதன்பின் நம் சகோதர சகோதரிகளைப் பார்ப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!